வெள்ளச்சிக்கு நான் வகுத்த தீனி

அன்புள்ள அண்ணா,

இன்று காலை, பழக்கத்தால், தேங்காய்ப் புண்ணாக்கை வெந்நீரில் ஊறவைத்தேன். எண்ணெய் கலந்த அந்த இனிய மணம் கொட்டகை முழுதும் பரவியது. உங்கள் குதிரை வெள்ளச்சி தலையை உயர்த்தவில்லை. மணத்தோடு உங்கள் சிரிப்பும் நினைவுக்கு வரவே, எழுத அமர்ந்தேன்.

கிளேபாங் கடற்கரையில், என் தேங்காய் ஷேக் கடைக்கு எதிரே அவளை நிறுத்தி, பிள்ளைகளை ஏற்றி நீங்கள் சவாரி நடத்திய காலம். உருண்டு திரண்டிருந்தாள், ஆனால் மணலில் ஒரு சுற்று வந்ததுமே மூச்சிரைத்தாள். தெம்பு போதவில்லை என்று கருதிச் சோளத்தையும் வெல்லப்பாகையும் நீங்கள் மேலும் கூட்டினீர்கள். உடல் பெருத்தது, தெம்பு வரவில்லை.

ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். அகராதியைத் துணைகொண்டு ஆங்கில நூல்களைத் தானே கற்றவள். அந்தப் பெருமிதத்தை நான் மறைத்ததில்லை. குதிரைத் தீனி பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் படித்துவிட்டு உங்களிடம் கூறினேன்: மாவுச்சத்தும் சர்க்கரையும் சட்டென எரிந்து, எஞ்சியது கொழுப்பாகத் தங்கும், நாரும் சிறிதளவு எண்ணெயும் மெல்ல எரிந்து நெடுநேரம் தாங்கும், ஆகவே தீனியைக் கூட்டுதல் அன்று, மாற்றுதலே வேண்டும்.

"என்னா தங்கச்சி, குதிரைக்கு டயட்டா? அப்படியே எனக்கும் ஒண்ணு சொல்லுலா, சட்ட பட்டன் பூட்ட மாட்டேங்குது!"

"நான் சொன்னா குதிர கேக்கும்ணே. நீங்க கேப்பீங்களா?"

சோளம் நின்றது. உலர்புல், ஊறிய புண்ணாக்கு, கொஞ்சம் தவிடு. ஈர மணலில் நாளுக்கு நாள் சற்றே நீண்ட நடை. சில மாதங்களில் கொழுப்புக் கரைந்து, விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. தஞ்சோங் கிளிங் வரை போய்த் திரும்பிய பின்னும் துள்ளினாள். "இது கெழவி இல்ல தங்கச்சி, கொமரி!" என்று கடைக்கு வந்தோரெல்லாம் கேட்கும்படி கூவினீர்கள்.

ஆயினும், வெள்ளைக் குதிரை நம்மவருக்கு வெறும் குதிரையாக இருப்பதில்லை. பழைய தோட்டத்து வீரன் கோயில் திருவிழாவில், சாமிக்கு முன்னே அவளை நடத்தினீர்கள். அன்றுமுதல் ஞாயிறுதோறும் குடும்பங்கள் தேடி வந்தன. வேண்டுதலென்று சர்க்கரைப் பொங்கல், வாழைப்பழம், வெல்லம். நான் தடுத்தபோது உங்கள் குரல் தாழ்ந்தது.

"சாமி குதிரைக்குன்னு கொண்டாறாங்கம்மா. புள்ளைக்கி நோவுன்னு அழுதுகிட்டு நிக்கிறவங்ககிட்ட வேணாம்னு எப்படிச் சொல்றது?"

நானும் தடுப்பதை விட்டேன். அவள் மீண்டும் பெருத்தாள். பிறகு, இனிப்பு மிஞ்சிய குதிரைக்கு வரும் குளம்பு நோயால், முன்னங்குளம்புகள் தொட்டால் சுட்டன. மாரடைப்பில் நீங்கள் திடீரென்று போனபோது, அவள் நொண்டத் தொடங்கியிருந்தாள். சிங்கப்பூரிலிருந்து வந்த உங்கள் மகன், "அத்த, நீங்களே பாத்துக்குங்க" என்று கயிற்றை என் கையில் கொடுத்தான்.

அன்றுமுதல் வாயிலில் நின்று, வந்த தட்டுகளையெல்லாம் திருப்பியனுப்பினேன். "திமிரப் பாரு, சாமி குதிரையவே பட்டினி போடுது" என்று என் காதுபடவே பேசினார்கள். பேசட்டும் என்றிருந்தேன். தெம்புக்காக வகுத்த தீனி, நோகும் கால்களின்மேல் பாரம் ஏறாதிருப்பதற்கான தீனியாகச் சுருங்கியது. அதுவும் உதவவில்லை.

நேற்று கால்நடை மருத்துவர் குளம்பைத் தூக்கிப் பார்த்துவிட்டு மெல்லக் கீழே வைத்தார்.

"குளம்புக்குள்ள எலும்பு எறங்கிருச்சுக்கா, இனிமே தேறாது. வலிக்கு மருந்து போட்டிருக்கேன். வெள்ளிக்கிழம வந்து ஊசி போட்டு முடிச்சிருவோம். அதுவரைக்கும் ஆசப்பட்டதக் குடுங்க, இனிமே கட்டுப்படுத்தி என்னா ஆகப்போவுது?"

அவர் சென்ற சற்று நேரத்தில், காய்ச்சல் கண்ட மகளைத் தோளில் சாய்த்தபடி ஒரு தாய் தட்டேந்தி வந்தாள். என்னைக் கண்டதும் தயங்கினாள். கதவைத் திறந்து விலகி நின்றேன்.

அண்ணா, உங்களால் சொல்ல இயலாதுபோன 'வேண்டாம்' என்னும் சொல்லை, உங்களுக்கும் சேர்த்து நானே சுமந்துவந்தேன். இன்னும் அது என்னிடம்தான் இருக்கிறது. அதைச் சொல்லிக் காப்பதற்குத்தான் இனி ஒன்றுமில்லை.