மூன்று நீளம், ஒன்று குட்டை

ஒன்டாரியோ ஏரிக்குக் கிழக்கே, மேட்டு வீடு
புயல் ஓய்ந்த ஞாயிற்றுக்கிழமை

மதிப்புக்குரிய ஹார்லன் டெவிட் அவர்களுக்கு,

எட்டுக் குளிர்காலமாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது போதும். இனியும் உங்களோடு பேசாமல் இருந்தால் தானும் என்னோடு பேசப்போவதில்லை என்கிறாள் கோரா. வீட்டில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர்தான்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு அரிசோனா வெயிலில் உங்கள் இடுப்பு தேறிவருவதாகச் சொன்னாள். அரைக்கால் சட்டையோடு ஆரஞ்சு மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறீர்களாம். பனியைக் கண்டால் சின்னப் பிள்ளையாகிவிடும் ஆளை மகள் பாலைவனத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். அதைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைக்கவில்லை. இப்போது அந்த அளவுக்கு இல்லை.

முதலில் பழையதைப் பேசிவிடுகிறேன். எட்டு வருடத்துக்கு முன்னால், பனி அளக்க என் கொல்லையில் போட்டிருக்கும் வெள்ளைப் பலகையில் ஒரே நாளில் விழுந்த பனி மாநிலத்தின் சாதனையாக இருந்திருக்க வேண்டும். விசாரிக்க வந்த குழுவின் முன்னால் நீங்கள் எழுந்து நின்றீர்கள். பனி தன் பாரத்திலேயே அமுங்கும், அது அமுங்குவதற்குள் பலகையைத் துடைத்துத் துடைத்து அளந்தால் கூட்டுத்தொகை ஊதிவிடும், ஒரு நாளில் நான்கு தடவைக்கு மேல் துடைக்கக் கூடாது, இவர் ஐந்து தடவை துடைத்தார் என்றீர்கள். இயற்பியல் வாத்தியாரான எனக்கே பாடம். ஐந்தாவது தடவை நான் தள்ளிவிட்டது மேப்பிள் மரக் கிளையிலிருந்து சரிந்து விழுந்த குவியலை. அதை எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். சாதனை போனால் போகட்டும். சபையில் சொல்வதற்கு முன்னால் என்னைத் தனியே கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதுதான் இன்னும் ஆறவில்லை.

அன்றே நம் பனி அளப்போர் சங்கத்திலிருந்து விலகினேன். பின்வாசலிலிருந்து பலகை வரை நீங்கள் வந்து கட்டிக்கொடுத்த கயிற்றையும் அவிழ்த்து எறிந்தேன். கண்ணை மறைக்கும் பனியில் பிடித்துக்கொண்டு போய்வர உறுப்பினர் எல்லோரும் கயிறு கட்டியாக வேண்டும் என்பது நீங்கள் வைத்த விதி. உங்கள் விதி எனக்கு எதற்கு என்று இருந்தது.

இனிப் புயலைப் பற்றி. புதன்கிழமை ரேடாரில் அந்தப் பனிமேகப் பட்டை உருவானதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஏரியின் நீளம் முழுவதற்கும் ஒரே கோடு, நுனி நேராக நம் மேட்டில். வியாழன் விடிந்தபோது தபால்பெட்டி மறைந்துவிட்டது. சிறிது நேரத்தில் வேலியும் மறைந்தது. பிறகு இடித்தது. பனிக்குள் இடி, ஹார்லன். ஜன்னல் முழுவதும் ஊதா வெளிச்சம், அலமாரியில் தட்டுகள் அதிர்ந்தன. இந்த வயதில் நான் குதித்தேன். தொலைபேசியை எடுத்து உங்கள் எண்ணில் பாதியை அழுத்திய பிறகுதான் நாம் பேசுவதில்லை என்பது நினைவுக்கு வந்தது. பனி இடியைச் சொல்ல எனக்கு வேறு ஆள் கிடையாது. கோராவிடம் சொன்னேன். இடித்தால் இடிக்கட்டும், சூப் ஆறுகிறது என்றாள்.

சங்கத்தை விட்டேனே தவிர அளப்பதை விடவில்லை. மதிய அளவுக்கு நேரம் வந்ததும் மேலங்கியை மாட்டினேன். கோரா கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"என்னைக் கட்டினதுக்கு அந்தப் பலகையையே நீ கட்டியிருக்கணும். இன்னிக்கு ஒரு வேளை அளக்கலைன்னா பனி உன்னைக் கோவிச்சுக்குமா?"

விலக்கிவிட்டு இறங்கினேன். தட்டுத் தடுமாறிப் பலகையைக் கண்டுபிடித்தேன், அளந்தேன், துடைத்தேன். திரும்பினால் வீடு இல்லை.

மேலே, கீழே, பக்கத்தில் எல்லாம் ஒரே வெள்ளை. நீட்டிய கை மணிக்கட்டோடு காணாமல் போயிற்று. நடந்தேன். ஒரு வேலி தட்டுப்பட்டது. அது எந்தப் பக்கத்து வேலி என்று தெரியவில்லை. தான் புல் வெட்டும் கொல்லையிலேயே ஒருவன் வழி தவறிச் செத்துப்போகலாம் என்று வகுப்பில் வருடா வருடம் சொல்கிறவன் நான். கத்திப் பார்த்தேன், காற்று வாயிலேயே திருப்பி அடைத்தது. கொஞ்ச நேரத்தில் குளிர் விட்டு இதமாகிவிட்டது. உறைந்து சாகிறவனுக்குக் கடைசியில் வரும் இதம் அது என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் கார் ஹாரன் கேட்டது. மூன்று நீளம், ஒன்று குட்டை. வருடத்தின் முதல் பனி விழுந்த அன்று, ஆரம்பித்துவிட்டது, வெளியே வா என்று ஒருவர் வாசலில் ஒருவர் வண்டியை நிறுத்தி அடிப்போமே, அந்த அடி. என் வாசலில் அதை அடித்தவர் நீங்கள் ஒருவர்தான்.

என் புத்தி அப்போது தெளிவாக இல்லை. நீங்கள் அரிசோனாவில் இருப்பது நினைவுக்கு வரவில்லை. இந்த மனிதன் எந்த முகத்தை வைத்துக்கொண்டு என் வாசலில் ஹாரன் அடிக்கிறான் என்று மட்டும் தோன்றியது. எழுந்தேன். உங்களை விரட்டத்தான் எழுந்தேன், உள்ளதை எழுதுகிறேன். எப்படித் திட்டுவது என்று வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே காற்றுக்கு எதிராக நடந்தேன். சத்தம் நின்றால் நானும் நின்றேன். மறுபடி வந்தால் மறுபடி நடந்தேன். இரண்டு தடவை விழுந்தபோதும் உங்கள் மேல்தான் கோபம் வந்தது. கடைசியில் கை வண்டியில் முட்டியது. கதவைத் திறந்து, "போய்த் தொலை" என்றேன்.

உள்ளே கோரா. ஒரு கை ஹாரனில், இன்னொரு கையில் தொலைபேசி. முகமெல்லாம் கண்ணீர். தொலைபேசியில் உங்கள் குரல்.

"வாத்தியார் வந்துட்டானா?"

வந்துவிட்டான் என்றாள். பிறகு, "எத்தனை அங்குலம்னு கேளு" என்றீர்கள். நான் கோராவிடம் சொன்னேன், கோரா உங்களிடம் சொன்னாள்.

மற்றதை அவள் சூப்பைச் சூடாக்கிக்கொண்டே சொன்னாள். நான் அளக்கிற ஒவ்வொரு அளவையும் இத்தனை வருடமும் என் முதுகுக்குப் பின்னால் உங்களுக்குச் சொல்லிவந்தாளாம். அன்று மதிய அளவு வரவில்லை என்று நீங்களே கூப்பிட்டீர்களாம். கயிறு இருக்கிறதா என்று கேட்டீர்களாம். இல்லை என்றதும் நீங்கள் என்னைச் சொன்ன வார்த்தையை அவள் எனக்குச் சொல்ல மறுக்கிறாள். அவள் கொல்லையில் கால் வைக்கவே கூடாது என்றீர்களாம். காற்று மேற்கு, வழி தெரியாதவன் காற்றுக்கு முதுகைக் காட்டித்தான் போவான், ஆகவே கிழக்கு வேலியோரம் இருப்பான். வீட்டை ஒட்டிய கார் கொட்டகை மேற்கே இருப்பதால் ஹாரன் சத்தத்தைக் காற்றே அவனிடம் கொண்டுபோகும் என்றீர்களாம். அங்கே ஆரஞ்சு மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு இவ்வளவும்.

"சும்மா அடிச்சா பனி தள்ளுற வண்டின்னு நினைச்சுக்குவான், கோரா. நான் அடிக்கிற மாதிரி அடி. நான்தான் வந்திருக்கேன்னு கோவத்துல எழுந்து வருவான்."

நான் தணலைப் போலக் கனன்றுகொண்டிருந்த எட்டு வருடமும் என்னை இப்படி அறிந்து வைத்திருந்த ஒருவர் இருந்திருக்கிறார். இதற்கு நான் கோபப்பட வேண்டும். முயன்று பார்த்தேன், வரவில்லை.

நன்றி, ஹார்லன். இரண்டு விரல்களின் நுனி கறுத்திருக்கிறது, ஆறிவிடும் என்று தொலைபேசியில் சொன்னார் மருத்துவர். இந்தக் கடிதத்தை அந்தக் கையால்தான் எழுதுகிறேன். இன்று வெயில் அடிக்கிறது. கோரா சமையலறையில் வாணலியைப் போட்டு உருட்டுகிறாள். முன்பெல்லாம் எரிச்சலூட்டிய சத்தம். இப்போது அது நிற்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்துக்கொள்கிறேன்.

இதனால் ஐந்தாவது தடவை பற்றிய என் நிலை மாறிவிட்டதாக எண்ண வேண்டாம். அது கிளையிலிருந்து விழுந்த குவியல்தான்.

மாடியில் ஏரியைப் பார்த்த அறை ஒன்று இருக்கிறது. வரும் நவம்பரில் அது காலியாக இருக்கும், வேறு யாருக்கும் தருவதாக இல்லை. மருத்துவர் விடுவாரா, மகள் விடுவாளா என்பதெல்லாம் உங்கள் பாடு. இடுப்பு நன்றாகக் கூடி, கைத்தடி இல்லாமல் நடந்து, அடுத்த பனியை எனக்கு முன்னால் நீங்கள் பார்க்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

கீழே பெயர் போடலாமா என்று வெகுநேரம் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். போட்டால் அடுத்த கூட்டத்தில் இதைத் தூக்கிக் காட்டி, வாத்தியார் இறங்கி வந்துவிட்டான் என்பீர்கள். அந்தச் சுகத்தை உங்களுக்குத் தருவதற்கில்லை. உங்களுக்கு நன்றி சொல்லி எழுத இங்கே வேறு யார் இருக்கிறார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நாளை பாதை திறந்ததும், இதைப் பெயரில்லாமலே தபாலில் போட்டுவிடுவதாக முடிவு செய்திருக்கிறேன்.