ஊர் ஊளையிட வேண்டும்

ஜூலை 3, வியாழன்
ரோமிலிருந்து வரவேண்டிய நடிகர் கையை விரித்துவிட்டார். தொலைக்காட்சித் தொடர் கிடைத்துவிட்டதாம். எங்கள் ஊர்க் கோடை நாடகத்தில் கொரியோலானோ வேடத்துக்கு இப்போது ஆளில்லை. ஊர்க்காரர் எவரும் அந்த வேடத்தைத் தொட மாட்டார். அந்தக் காலத்தில் எங்கள் ஊரான கொரியோலியைத் தாக்கிப் பிடித்து, அந்த ஊர்ப் பெயரையே பட்டமாக வாங்கிக்கொண்ட ரோமானியன் அல்லவா!

"நான் போடறேன்" என்றேன். இயக்குநர் தார்ச்சீசியோ சிரித்தான்.

"நீ இந்த ஊர் மருத்துவச்சி, நீவெஸ். பாதி ஊர் உன் கையில பொறந்தது. உன்னைப் பார்த்து யாரு ஊளையிடுவா?"

அதுதான் சிக்கல். பட்டம் சூட்டும் காட்சியில் சதுக்கமே ஊளையிட வேண்டும். கைதட்டினால் நடிகன் தோற்றான். இத்தனை வருஷமும் வெளியூர்க்காரர்கள் வாங்கிப்போன ஊளை அது. எனக்கு வேண்டும்.

ஜூலை 12, சனி
ஒத்திகை. பட்டத்தைச் சொன்னதும் கைதட்டல்! நிறைமாத வயிற்றோடு லொரேதானா எழுந்து நின்று, "எங்க நீவெஸ் அக்கா!" என்று முத்தம் வேறு பறக்கவிட்டாள்.

"அடுத்த சனியும் இப்படின்னா நாம காலி. ரோமுக்குப் போன் போடட்டுமா?" என்றான் தார்ச்சீசியோ.

"போட்டுப் பாரு, கழுத்தை நெரிச்சிடறேன்."

ஜூலை 15
என்னை எப்படி வெறுக்க வைப்பது? ஐம்பத்திரண்டு வயதில் இப்படியும் ஒரு கவலையா?

ஜூலை 20, ஞாயிறு
தொண்டை கட்டிவிட்டது. போகட்டும்!

நேற்று நாடகத்தில் ரோமானியத் தளபதி வேடக்காரன் சொன்னான்: "இன்று முதல் நீ கொரியோலானோ." கைதட்டல் கிளம்பியது. நான் தளபதியைப் பார்க்கவில்லை. சதுக்கத்தின் பக்கம் திரும்பி, முகம் முகமாகப் பார்த்தேன். தட்டிய கைகள் நின்றன. வசனத்தில் இல்லாததைச் சொன்னேன்: "உங்க ஊரையே பேரா மாட்டிக்கிட்டேன். தைரியமிருந்தா வந்து பிடுங்குங்க!" சொல்லிவிட்டுச் சிரித்தேன்.

அப்புறம் லொரேதானா— முத்தம் விட்ட அதே லொரேதானா— "கழட்டுடா அந்தப் பேரை, நாயே!" என்று கத்தினாள். 'டா' என்றாள். என்னை!

அவ்வளவுதான். கசாப்புக் கடைக்காரர், பாதிரியார், நான் எடுத்த பிள்ளைகள், எல்லோரும் ஊளை. கூட்டம் கொறித்துக்கொண்டிருந்த பயறின் தோல் மழையாய் என் மேல் வந்து விழுந்தது. ஜெயித்துவிட்டேன்! அழுகை முட்டியது. எதிரி அழக்கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

ஜூலை 29, செவ்வாய்
விடியற்காலை லொரேதானாவுக்கு வலி. என் கையை முறுக்கிக்கொண்டு வாய்க்கு வந்தபடி திட்டினாள். "துரோகி! ஊரை அழிச்சவனே! எங்கேயும் போயிடாத, இங்கேயே நில்லு!"

நின்றேன். பெண் குழந்தை. அம்மாவைவிடப் பெரிய தொண்டை.

வெளியே அவள் புருஷன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். மூக்கைச் சிந்திவிட்டு, "ஆனாலும் அடுத்த வருஷம் தக்காளி கொண்டு வருவேன், கொரியோலானோ" என்றான்.

"பெட்டியோட கொண்டு வா" என்றேன்.