அமைச்சர் கும்பிட்ட பல்பு

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் நாகஜோதி வணக்கத்துடன் எழுதுவது. நான் இங்கு நலம். வில்லாபுரத்தில் நீங்களும் அத்தையும் நலம்தானே? அத்தைக்கு முட்டிவலி தேவலையா?

முதலில் நல்ல சேதி. நாடு முழுக்கக் குண்டு பல்பை நிறுத்திவிட்டு எல்.இ.டி.க்கு மாறும் சட்டத்துக்கு இந்த நாட்டு அமைச்சர் சம்மதித்துவிட்டார்! ஆப்பிரிக்காவுக்கு வந்து ஒன்றரை வருடமாக நானும் ஆபீஸ் ஆட்களும் அலைந்தது இதற்குத்தான்.

அவர் சம்மதித்த அன்று ஒரு கூத்தும் நடந்தது. அவருக்குச் செய்துகாட்டுவதற்காக ஜன்னல்களை மூடி, அறையை இருட்டாக்கி, எல்.இ.டி. பல்பைப் போட்டார்கள். வீட்டில் விளக்குப் போட்டதும் கும்பிடுகிற பழக்கத்தில் நான் கைகூப்பிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அதுதான் முறை என்று நினைத்து அமைச்சரும் எழுந்து கும்பிட்டார். அவரைப் பார்த்து இருபது அதிகாரிகளும் கும்பிட்டார்கள்! "பல்பையெல்லாமாடி கும்பிடுவ, கிறுக்கி?" என்று கேலி செய்வீர்களே, இனி வாயைத் திறக்கக் கூடாது.

நம் குளியலறையில் இன்னும் அந்தக் குண்டு பல்புதானே? இன்றைக்கே கழற்றுங்கள், மானம் போகிறது. யாராவது இந்தப் பக்கம் வந்தால் மோர்மிளகாய் கொடுத்தனுப்புங்கள்.

சாயங்காலம் அறைக்கு வந்து லைட்டைப் போட்டதும் இங்கேயும் கும்பிடுகிறேன். கேலி பண்ணத்தான் ஆள் இல்லை. இந்தக் கடிதம் கிடைத்த அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு நீங்கள் அங்கே லைட்டைப் போடும்போது எனக்கு ஒரு போன் போடுங்கள், மச்சான். வாயைத் திறக்கக் கூடாது என்று மேலே எழுதியதை அடித்துவிடுங்கள்.

ஆபீஸ் வண்டி ஹாரன் அடிக்கிறது, ஓடுகிறேன்.

நாகஜோதி