மெம்பரின் மாலை

வட்டுகோலா, பிஜி, 1963

சௌபாக்கியவதி ஜான்கிக்கு உன் வீட்டுக்காரன் ஏழுமலை எழுதுவது. தங்கச் சுரங்கத்தில் நான் சுகம். உன் இருமல் நின்றதா?

நம் சட்டசபை மெம்பர் அச்சடித்து ஊர் ஊராக அனுப்பும் தாள் நேற்று இங்கேயும் வந்தது. பக்கத்து அறைச் சிவன் உரக்கப் படித்தான். பெண்களும் ஓட்டுப் போடலாம் என்று சட்டம் வந்துவிட்டதாம். சங்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கூரையாம். அதற்குக் கீழே உன் பெயர்! நம் ஊர் பினாங்கு கரும்பாலையில் நடந்த கூட்டத்தில் ஜான்கி அம்மாள் எழுந்து ஒரு கேள்வி கேட்டாராம். மெம்பர் மெச்சிப்போய், தமக்குப் போட்ட மாலையைக் கழற்றி அவருக்கே கொடுத்தாராம்.

"அண்ணே, கையில குடுத்தாரா, கழுத்துல போட்டாரா?" என்றான் சிவன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், நீ கவலைப்படாதே. போன வாரக் கடிதத்தில் கோழி முட்டையிட்டதைக்கூட எழுதியிருந்தாய். இதை எழுதவில்லை.

எலுமிச்சை ஊறுகாய் தீர்ந்துவிட்டது, அனுப்பு. அந்த மாலை இன்னும் வீட்டில் இருந்தால் மாட்டுக்குப் போடு.

கடிதத்தை எடுத்துப்போகும் தவுவா பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான். நீ என்ன கேட்டாய், ஜான்கி? அந்தத் தாளில் அது இல்லை. நாலு மாதமாக நான் கேட்காத உன் குரலை ஊரே கேட்டிருக்கிறது.

ஏழுமலை