உம்மாவின் நம்பரை ஏற்காத அட்டவணை

கிண்ணியா
09.10.2023

அன்பு மகள் ஷிஃபானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் சுகம். தபால் சுணங்கும் என்று இதை ஈமெயிலில் அனுப்புகிறேன். மருமகன் நுஸ்கியை விசாரித்ததாகச் சொல்.

எங்கள் மீனவர் சங்கத்துக்கு நீ லண்டனிலிருந்து செய்து தந்த கணினி அட்டவணை எனக்கு அடங்குவதாயில்லை. கடல் கொந்தளித்தால் படகுக்காரர் வீடுகளுக்கு மெசேஜ் போகவேண்டும், அதற்குத்தானே இந்தப் பாடு? நம்பரின் முன்னால் இருக்கும் பூச்சியத்தை அது விழுங்கிவிடுகிறது. லுஹர் தொழுதுவிட்டு வந்தால் "உங்கள் நேரம் முடிந்துவிட்டது" என்கிறது. இதைச் சொன்னதும் உம்மா சிரித்துவிட்டா. அது யார் செய்த வேலை என்று அவவுக்குத் தெரியும். உன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நீ விரும்பிக் கலியாணம் முடித்த நாளோடு உன்னுடன் நிறுத்திய பேச்சை இன்னும் தொடங்கவில்லை மகள். எனக்கு அதுதான் கவலை.

வாடைக்காற்று தொடங்க முன்னம் சரிசெய்து தா.

உன் வாப்பா
ஆதம்பாவா

லண்டன்
11.10.2023

அன்பு வாப்பா,

வஅலைக்குமுஸ்ஸலாம். நம்பர் பத்தியை எண் என்று வைத்திருந்தேன். எண்ணுக்கு முன்னால் பூச்சியம் எதற்கு என்று கணினி தட்டிவிடும். இப்போது எழுத்து என்று மாற்றிவிட்டேன். பழைய நம்பர்களை ஒருமுறை திருத்துங்கள். தொழப் போகுமுன் 'சேமி'யை அழுத்திவிட்டுப் போங்கள், வந்து மறுபடி உள்ளே போகலாம்.

உம்மா சிரித்தாவா? நான் அழைப்பு எடுத்தால் ஃபோனை உங்களிடம் நீட்டிவிடுகிறா என்றுதான் அவவுக்கு எடுப்பதையே விட்டேன். எனக்கும் கோபம் இருக்கிறது வாப்பா. ஆனாலும் உங்கள் கடிதத்தில் அந்த வரியைத்தான் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன்.

மகள்
ஷிஃபானா

கிண்ணியா
24.10.2023

அன்பு மகளுக்கு,

பூச்சியம் நிற்கிறது, அல்ஹம்துலில்லாஹ். இப்போது வேறு சண்டை. பக்கத்து வீட்டு ஜமால்தீன் மாமாவின் படகுக்கு உம்மாவின் நம்பரைப் போட்டேன், எடுத்துக்கொண்டது. என் படகுக்கும் அதையே போட்டால் "இந்த நம்பர் ஏற்கெனவே உள்ளது" என்று சிவப்பில் கத்துகிறது. ஆளுக்கொரு ஃபோன் உன் லண்டனில் சரி. இங்கே வலையில் நிற்கிறவன் மெசேஜ் பார்ப்பானா? வீட்டில் இருந்து ஃபோனில் கூப்பிட்டால்தான் திரும்புவான். எங்கள் வளவில் இரண்டு வீட்டுக்கும் அந்த வேலை உம்மாவுடையது.

அதோடு மல்லுக்கட்ட ஏலாமல் என் படகுக்கு உன் நம்பரைப் போட்டுவிட்டேன். மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. நீ திருத்தும் வரை இருக்கட்டும்.

வாப்பா

லண்டன்
15.11.2023

வாப்பா,

இப்படியா செய்வீர்கள்! அதைத் திருத்த வேண்டும் என்று இருந்து மறந்தே போனேன். நேற்று வேலையில் இருக்கும்போது மெசேஜ் வந்தது: "கடல் கொந்தளிப்பு. உங்கள் படகை உடனே திருப்பி அழையுங்கள்." உங்களுக்கு எடுத்தால் ஃபோன் அடித்து அடித்து நிற்கிறது. வேறு வழியில்லாமல் உம்மாவுக்கு எடுத்தேன்.

"உம்மா, வாப்பா கடலிலயா?" என்றேன்.

"இல்ல மகள். அந்த மெசேஜ அனுப்பிப்போட்டு, ஃபோன சங்கத்துல மறந்துபோட்டு வந்து, குசினிக்க இருந்து தேத்தண்ணி குடிக்கிறார். நீ அழாத."

என்னை மகள் என்று கூப்பிட்டா வாப்பா. அதோடு ஃபோனை வைத்துவிட்டோம்.

ஒரு நம்பரை எத்தனை படகுக்கும் போடும்படி மாற்றிவிட்டேன். இனி உம்மாவின் நம்பரையே போடலாம்.

ஷிஃபானா

கிண்ணியா
17.11.2023

அன்பு மகளுக்கு,

நம்பரை மாற்றலாம் என்று உட்கார்ந்தேன். உம்மா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்துவிட்டா.

"அவள்ட நம்பர அழிக்காதீங்க. மெசேஜ் போனாத்தானே எனக்கு எடுப்பாள்?"

"அதுக்காகக் கடல் கொந்தளிக்கும் வரைக்கும் இருக்கப் போறியா?" என்றேன்.

உடனே தன் ஃபோனை எடுத்துக்கொண்டு, "அப்ப நானே எடுக்கிறன்" என்று முற்றத்துக்குப் போய்விட்டா. முகத்தைக் கழுவிக்கொண்டு நிற்கிறா. ஃபோனில் நீ அவவின் முகத்தைப் பார்க்கப் போவதில்லை என்று சொன்னாலும் கேட்கிறா இல்லை.

இதை நீ வாசிக்கும்போது உன் ஃபோன் அடித்தால், கடிதத்தை விட்டுவிட்டு அதை எடு மகள்.

வாப்பா