கால் எட்டுகிற வண்டி

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே சுகமாக இருக்கிறாய், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பிக்கொண்டுதான் எழுதுகிறேன். அடுத்த வரியில் இங்கே யாவரும் நலம் என்று எழுத வேண்டும், எழுதக் கை வரவில்லை. போனில் சொல்லாமல் இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போன் பேசும்போது அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து என் வாயையே பார்க்கிறார், மெசேஜ் போட்டால் அதையும் எடுத்துப் படித்துவிடுகிறார். தெருமுனைத் தபால் பெட்டி வரைக்கும் அவரால் இப்போது நடக்க முடியாது, அதனால் இந்த வழி.

போன வாரம் உன்னிடம் அப்பா உடம்பு தேறுகிறது, எடை கூடியிருக்கிறது என்று சொன்னேன் அல்லவா. நீயும் அப்பாடா, அப்ப நான் வேலையை முடிச்சுட்டே வர்றேம்மா என்று சொல்லி, ஊருக்கு வரவிருந்ததைத் தள்ளிப் போட்டாய். நான் உன்னிடம் பொய் சொல்லவில்லை ராசா, நானே ஏமாந்துபோனேன். எப்படி ஏமாந்தேன் என்று சொல்ல வேண்டுமானால் வண்டி வாங்கின கதையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், பாதியைத்தான் உனக்குச் சொல்லியிருக்கிறேன்.

காலையில் கிளம்பினால் மதியம் போய்ச் சேருகிற தூரத்தில் ஆஸ்பத்திரி. ஆயுசு முழுக்க லாரி ஓட்டின மனுஷர், அடுத்தவர் ஓட்டுகிற காரில் ஏறினால் தெரு தாண்டுவதற்குள் குமட்டுகிறது, கீமோ மருந்து ஏற்றிக்கொண்டு திரும்பும்போது கேட்கவே வேண்டாம். பஸ்ஸிலும் அதே கதி. என் பின்னால் ஸ்கூட்டரில் உட்கார்ந்தால் மட்டும் ஒன்றும் செய்வதில்லை. ஏன் தெரியுமா, உன் அம்மா குள்ளமாம், என் தலைக்கு மேல் அவருக்கு ரோடு முழுசும் தெரிகிறதாம். அவரே ஓட்டுகிற மாதிரி இருக்கிறதாம். நான் வீடு வீடாகப் போய் கரண்ட் மீட்டர் கணக்கெடுத்த காலத்து ஸ்கூட்டரை வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் போக முடியுமா, ஒரு லாரி தாண்டிப் போனால் அந்தக் காற்றிலேயே நாம் வாய்க்காலில் கிடப்போம். அதனால்தான் தூரத்துக்குப் போகிற பெரிய பைக் பார்க்கப் போனோம், அறுபதைத் தாண்டின இந்த ஆழாக்குக்கு.

ஷோரூம்காரர் முதலில் காட்டினது ஒட்டகம். ஏறி உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் கட்டைவிரல் நுனிதான் தரையில் படுகிறது, லேசாகச் சாய்ந்ததும் என்னால் நிறுத்த முடியவில்லை, அந்த ஆள் ஓடிவந்து பிடித்திருக்காவிட்டால் என் முழங்கால் அன்றைக்கே போயிருக்கும். பேசாம ஸ்கூட்டியே பாருங்களேம்மா என்றார். உங்க வேலை வண்டியைக் காட்டுறது, என் வயசைக் காட்டுறது இல்ல என்று சொன்னேன். நீ சொல்லி அனுப்பினபடியே பார்த்தேன். வண்டி ஓடும்போது விழாது, நிற்கும்போதுதான் விழும் என்றாயே, அது சத்தியம். சீட் தாழ்வாக இருந்தால் போதாது, முன்பக்கம் ஒடுங்கியும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தொடை விரிந்து கால் மேலே போய்விடும். கனம் கீழே இருக்க வேண்டும். கைப்பிடிக்காக முன்னால் குனியக் கூடாது. எல்லாம் பார்த்து ஒன்று கிடைத்தது, பின்னால் சாய்ந்துகொள்ள முதுகுத் தட்டு, இரண்டு பக்கமும் பெட்டி. ஆனால் அதிலும் என் குதிகால் அந்தரத்தில்தான் நின்றது. ஷோரூம்காரர் உதட்டைப் பிதுக்கினார். அப்பா, நகருடி என்று சொல்லிவிட்டுப் பின்னால் ஏறி உட்கார்ந்தார், அவ்வளவுதான், அவர் கனத்துக்கு ஷாக் அப்சார்பர் அமுங்கி சீட் இறங்கி என் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பட்டது. பாத்தியா, நான் இருந்தாத்தான் உனக்குக் கால் தரையில நிக்கும் என்று கடையே கேட்கிற மாதிரி சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த வண்டியையே எடுத்தோம்.

மூன்று வாரத்துக்கு ஒரு தடவை போய்வந்தோம். ரயில்வே கேட்டில் காத்திருக்கும்போது ஒரு நாள் கவனித்தேன், என் குதிகால் கொஞ்சம் தூக்கியிருந்தது. செருப்பு மாறிவிட்டதோ என்று பார்த்தேன். அடுத்த பயணத்தில் இன்னும் கொஞ்சம். ஆஸ்பத்திரித் தராசில் நர்ஸ் என்ன எழுதினாலும் நான் பார்ப்பதில்லை, எனக்கு என் கால் சொல்லிவிடும். அப்பா கரைந்துகொண்டிருந்தார், வண்டி எழும்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சிக்னலிலும் குனிந்து என் குதிகாலைத்தான் பார்ப்பேன், வண்டி சாய்ந்துவிடுமே என்று அல்ல. நம் தெரு மெக்கானிக் இருக்கிறாரே, தூக்கத்திலும் வாய் மூடாதவர், அவர் பார்த்துவிட்டு, அக்கா, ஷாக்கை மாத்தி வண்டியை ரெண்டு விரல்கடை இறக்கித் தர்றேன் என்றார். எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ, வண்டியில ஒண்ணும் கோளாறு இல்ல, அவரு நாலு வாய் ஒழுங்கா சாப்பிட்டா தானா இறங்கும் என்று கத்திவிட்டேன். இறக்கினால் அவர் தேறமாட்டார் என்று நானே கையெழுத்துப் போடுவது மாதிரி இருந்தது.

அதற்கடுத்த பயணத்தில்தான் அந்த அதிசயம். ரயில்வே கேட்டில் நிற்கிறேன், இரண்டு பாதமும் தரையில். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்னடி, தூசி விழுந்துச்சா என்று கேட்டார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக உன்னைக் கூப்பிட்டுச் சொன்னேன். அந்தச் சந்தோஷம் மூன்று நாள் இருந்தது.

இருமல் அதிகமானதால் தவணைக்கு முன்பே வரச் சொன்னார்கள். போகும் வழியில் நல்ல மழை. பெட்டியைக் கட்டுவது எப்போதும் அப்பாதான், என்னைத் தொடவிட மாட்டார். அன்றைக்கு அவரால் இறங்க முடியவில்லை, பெட்ரோல் பங்க் கூரைக்கடியில் நிறுத்திவிட்டு மழைக்கோட்டை எடுக்க நானே திறந்தேன். கோட்டுக்கு அடியில் அவருடைய பழைய லாரி ஜாக்கி. மறுபக்கப் பெட்டியில் துணியில் சுற்றின இரும்புத் துண்டுகள். லோடு ஏற்றத் தெரிந்த மனுஷர் அல்லவா, இரண்டு பக்கமும் சமமாக வைத்திருந்தார். ஒரு டம்ளர் தண்ணீரையே இரண்டு கையாலும் பிடிக்கிறவர், இதை எப்படித் தூக்கினார் என்று அப்படியே நின்றேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மழைக்கோட்டை மட்டும் எடுத்து அவருக்குப் போட்டுவிட்டுப் பெட்டியை மூடினேன். மறுநாள் மெக்கானிக்கைப் பிடித்தேன். தூக்கி வைத்தது அந்த மெக்கானிக்தானாம். கால் எட்டலன்னா அவ பயப்படுவா, பயந்தா ரெண்டு பேரையும் கீழ போட்டுருவா, வாயைத் திறந்தா உன்னைக் கொன்னுடுவேன்னு அண்ணன் சொன்னாருக்கா என்று அழுதார். வாழ்நாளில் ஒரே ஒரு விஷயத்தை மறைத்தார் அந்த வாய் மூடாதவர், அதுவும் என்னிடம்.

மழை பெய்த அன்றைக்கே டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்தே சொல்லிவிட்டார். இனி மருந்து வேண்டாம், வலி தெரியாமல் வைத்துக்கொள்ளுங்கள், இங்கே அலைய வேண்டாம் என்றார். எவ்வளவு நாள் என்று அப்பாதான் கேட்டார். டாக்டர் பதிலுக்கு, பையன் எங்க இருக்கான் என்று கேட்டார். திரும்பி வரும்போது அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு, அவன்கிட்ட இப்ப சொல்லாத, போன இடத்துல வேலை கெட்டுப்போகும், முடிச்சுட்டு வரட்டும் என்றார். சரி என்றேன். அவர் பேச்சை நான் மீறினது கிடையாது, இதை எழுதி மீறுகிறேன். என்னால் ஒருத்தியாகத் தாங்க முடியவில்லையடா. அவர் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று பார்த்துப் பார்த்து எனக்கு மூச்சு நின்றுவிடும் போலிருக்கிறது.

நேற்று மெக்கானிக்கை வரச் சொல்லி அந்த இரும்பையெல்லாம் எடுத்துவிட்டு வண்டியை இறக்கிவிட்டேன். வாசலில் வைத்தே செய்தார், அப்பா ஜன்னலோரம் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் ஏறிப் பாருங்கக்கா என்றார் மெக்கானிக். பின்னால் ஆள் இல்லாமல் ஏறி உட்கார்ந்தேன். இரண்டு பாதமும் தரையில் பட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஜன்னலிலிருந்து அப்பா, ம், இப்ப சரியா இருக்கு என்றார்.

வேலையை முடித்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் பதில் போடாதே. கடிதம் கிடைத்த அன்றே கிளம்பு. அம்மா எழுதினாள் என்று காட்டிக்கொள்ளாதே, லீவு கிடைத்தது என்று சொல், அவர் நம்பாவிட்டாலும் நம்பினது போலச் சிரிப்பார். வழியில் உடம்பைப் பார்த்துக்கொள், வெறும் வயிற்றோடு பயணம் செய்யாதே. நீ நல்லபடியாக வந்து சேர வேண்டும், அவர் கண் திறந்திருக்கும்போதே வந்து சேர வேண்டும், வேறு எதுவும் நான் வேண்டவில்லை.

உன் வரவுக்கு வாசலைப் பார்த்திருக்கும்,
அம்மா