இரண்டு மாஸ்க்கும் மூன்று பேரும்

அரியாலை,
14.09.2023

அன்புள்ள நிரோஜாவுக்கு,

உம்மை நான் நேரில் கண்டதில்லை. ஆனால் உம்முடைய அம்மாவோடு ஒரே அறையில் ஆறு வருடம் வேலை செய்தபடியால், உமக்கு எந்தக் கறி பிடிக்கும், எந்த வகுப்பில் கணக்கில் கோட்டை விட்டீர் என்பதெல்லாம் எனக்குப் பாடம். சுவிஸில் குளிர் தொடங்கியிருக்கும். உடம்பைப் பார்த்துக்கொள்ளும்.

போன கிழமை எனக்குப் போன் எடுத்து, "உதயக்கா, அம்மாவுக்கு உண்மையிலை ஒண்டும் இல்லைத்தானே?" என்று கேட்டீர். "ஓம், ஒண்டும் இல்லை, வேலைக் களைப்பு" என்று சொன்னேன். அப்போது நான் அம்மாவின் கட்டிலடியில்தான் நின்றேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னது பொய். அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன். போனில் சொல்ல வெளிக்கிட்டால் நடுவில் அழுதுவிடுவேன். தபாலில் போட்டால் எப்போது கிடைக்குமோ தெரியாது. அதனால் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். இருந்து ஆறுதலாக வாசியும்.

அம்மாவுக்குக் காசநோய். ஜூன் மாதம் கண்டுபிடித்தார்கள். ஜூலையில் இருந்து நெஞ்சு நோய் வாட்டில்தான் இருக்கிறார். வீட்டில் லீவில் நிற்பதாக உமக்குச் சொன்னதெல்லாம் அங்கே படுத்துக்கொண்டு சொன்னது.

எங்கள் வேலை என்னவென்று அம்மா உமக்கு விளக்கமாகச் சொன்னாரோ தெரியவில்லை. நோயாளியின் வாய்க்குள்ளால் கமரா வைத்த குழாயை விட்டு இரைப்பையைப் பார்ப்பது எண்டோஸ்கோபி. டொக்டர் குழாயை விடுவார். நான் மருந்தையும் கருவிகளையும் பார்ப்பேன். அம்மா நோயாளியின் தலைமாட்டில் நின்று, கன்னத்துக்குக் கீழே கையைக் கொடுத்துத் தலையை அசையாமல் பிடிப்பார். குழாய் தொண்டைக்குள் போகும்போது எவருக்கும் ஓங்காளிக்கும், இருமல் வரும். அந்த இருமல் எல்லாம் தலையைப் பிடிப்பவரின் முகத்துக்கு நேரே. "மூக்காலை இழுங்கோ ராசா, வாயாலை விடுங்கோ, இந்தா முடிஞ்சுது" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பார். எங்கள் டொக்டர் மயூரதன் அம்மாவைக் காட்டி, நல்லம்மா நின்றால் மயக்க மருந்து பாதி போதும் என்பார்.

அறை சின்னது. குளிரூட்டி பூட்டியபோது யன்னலை ஆணி அடித்து மூடிவிட்டார்கள். உள்ளே இருக்கும் காற்றை வெளியே இழுக்கும் விசிறி நின்று பல மாதங்கள். அதைத் திருத்தித் தரும்படி நான் மூன்று தரம் எழுதிக் கொடுத்தேன். ஒருமுறை பதில் வந்தது, கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது என்று.

போன வருடம் நவம்பரில் ஒரு காலை, பண்டத்தரிப்புப் பக்கத்தில் இருந்து ஒரு ஐயாவைக் கொண்டுவந்தார்கள். வாயால் இரத்தமாகச் சத்தி. பிந்தினால் ஆள் தப்பாது. இருமல் இருக்கிறதா என்று மகனிடம் கேட்டேன். "இல்லை மிஸ், சும்மா பீடி இருமல்தான்" என்றான். அந்த நாட்களில் நாட்டில் மருந்துக்கே தட்டுப்பாடு, உமக்குத் தெரியும். கிருமியைத் தடுக்கும் அந்தத் தடித்த மாஸ்க் எங்கள் அலுமாரியில் இரண்டே இரண்டு மிச்சம். அறைக்குள் நாங்கள் மூன்று பேர்.

ஒன்றை டொக்டருக்குக் கொடுத்தேன். மற்றதை அம்மாவிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "உமக்குப் பால்குடிப்பிள்ளை இருக்குது பிள்ளை, நீர் போடும். எனக்கு உது போதும்" என்று, மெல்லிய நீல மாஸ்க்கைக் காட்டினார். என் மகள் சாருஜாவுக்கு அப்போது பத்து மாதம். நான் இரண்டாம் தரம் கேட்கவில்லை, நிரோஜா. வாங்கிப் போட்டுக்கொண்டேன். இதை நீர் வேறு எவரிடமும் கேட்டு அறிய வேண்டாம் என்றுதான் நானே எழுதுகிறேன்.

நாற்பது நிமிடம் ஆனது. ஐயா இருமிக்கொண்டே இருந்தார். அம்மா கையை எடுக்கவில்லை. ஐயா தப்பினார்.

மூன்று கிழமை கழித்து, அவருக்குச் சளியில் காசநோய் என்று வாட்டில் இருந்து தகவல் வந்தது. எங்கள் மூவரையும் சோதித்தார்கள். எக்ஸ்றே எல்லாம் தெளிவு. அதோடு மறந்துவிட்டோம். மார்ச்சில் அம்மா இருமத் தொடங்கினார். எக்ஸ்றே எடுப்போம் என்றேன். "மாசிப் பனிக்குளிர், விடும்" என்றார். நான் வற்புறுத்தியிருக்க வேண்டும். அவர் லீவில் போனால் தலை பிடிக்க ஆள் இல்லை, லிஸ்டில் பதினாலு பேர் என்ற யோசனைதான் எனக்கு முன்னுக்கு வந்தது. அவருக்கும் அதே யோசனைதான். இரத்தத்தில் சீனி வருத்தம் வேறு இருந்தபடியால் நோய் உள்ளே விரைவாகப் பரவிவிட்டது. இரத்தம் துப்பிய அன்றுதான் வாயைத் திறந்தார்.

அந்த ஐயாவிடம் இருந்துதான் வந்ததா என்று டொக்டர் மயூரதனைக் கேட்டேன். அறுதியாகச் சொல்ல முடியாது, அந்த அறைக்குள் இருமியவர்கள் எத்தனை பேர் என்றார்.

மருந்து தொடங்கி ஐந்தாம் கிழமை கண் மஞ்சளித்தது. மருந்து ஈரலைப் பிடித்துவிட்டதாம். எல்லாவற்றையும் நிறுத்தி, இப்போது ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்துப் பார்க்கிறார்கள். கொடுத்தால் ஈரல் தாங்குகிறதில்லை, நிறுத்தினால் நெஞ்சு தாங்குகிறதில்லை. எனக்கும் மகளுக்கும் சோதித்துப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. இதை எழுதக் கை கூசுகிறது.

போன மாதம் அந்த ஐயா கிளினிக்குக்கு வந்தார். நல்லாகத் தேறியிருக்கிறார். ஒரு பை முருங்கைக்காயோடு வந்து, "என்ரை தலையைப் பிடிச்ச அம்மா எங்கை பிள்ளை?" என்று கேட்டார். லீவு என்றேன். பையை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "மனுசன் எழும்பி நடக்குதா?" என்று மட்டும் கேட்டார். சந்தோசப்பட்டார், மெய்யாகவே.

அம்மா படுத்த பிறகு ஆட்கள் வந்து அறையை அளந்து, படம் எடுத்துக்கொண்டு போனார்கள். விசிறி இன்னும் வரவில்லை. ஒருநாள் டொக்டர் வீட்டில் இருந்து குறடு கொண்டுவந்து, யன்னல் ஆணிகளைத் தானே பிடுங்கினார். குளிரூட்டியை ஏன் நிறுத்தினீர்கள் என்று நிர்வாகக் கந்தோரில் இருந்து கேட்டார்கள். தடித்த மாஸ்க் இப்போது ஆளுக்குக் கிழமைக்கு ஒன்று. கடதாசிப் பையில் பெயர் எழுதிக் கொழுவி வைத்துத் திரும்பத் திரும்பப் போடுகிறோம். அம்மாவின் இடத்தில் கீர்த்திகா என்றொரு பிள்ளை தலை பிடிக்கிறாள். அவளிடம், முகத்தைத் திருப்பிக்கொண்டு பிடி என்று சொல்கிறேன். அப்படிப் பிடித்தால் தலை அசைந்துவிடுகிறது. என்ன செய்வது?

உம்முடைய அகதி வழக்கு முடியாமல் வெளிக்கிட்டால் நீர் திரும்ப அங்கே போக ஏலாது என்பது எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் அதுதான் பயம். "அவள் அறிஞ்சால் எல்லாத்தையும் விட்டிட்டு ஓடிவந்திடுவாள், சொல்லிப்போடாதையும்" என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினார். அதை இன்று முறிக்கிறேன். வாரும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வராதையும் என்று சொல்லவும் உரிமை இல்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். நீர் ஞாயிற்றுக்கிழமைகளில் முகம் பார்த்துக் கதைக்கிறீர் அல்லவா? அதற்கு ஒரு மணித்தியாலம் முன்னமே அம்மா ஆயத்தம். சீப்பால் தலை இழுப்பித்து, பொட்டு வைத்து, வாட்டுச் சுவர் தெரியாமல் பின்னால் வீட்டுச் சீலை ஒன்றைக் கட்டச் சொல்வார். கடைசியில் முகத்தில் இருக்கும் ஒட்சிசன் மாஸ்க்கைக் கழட்டித் தலையணைக்குக் கீழே வைத்துவிடுவார். போன ஞாயிறு இருபது நிமிடம் அது இல்லாமல் கதைத்தார். நீர் போனை வைத்த பிறகு உதடு நீலித்து, திரும்ப மூச்சு வரப் பொழுதுபட்டது. வேண்டாம் என்று நான் சொன்னால் கேட்கிறார் இல்லை.

வாற ஞாயிறு நீரே சொல்லும். "எனக்கு எல்லாம் தெரியும் அம்மா, அதைப் போட்டுக்கொண்டே இருங்கோ, நான் கதைக்கிறன், நீங்கள் கேளுங்கோ" என்று சொல்லும். நான் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று கோபிப்பார். கோபிக்கட்டும். அழாமல் சொல்ல முடியாவிட்டால் அழுதே சொல்லும். உமக்கு எந்தக் குறையும் வராமல் கடவுள் காக்கட்டும்.

உம்முடைய அம்மாவோடு வேலை செய்யும்
உதயகலா